யானைக்கு வேண்டப்பட்டவர்கள்

வெகு காலத்துக்கு முன்னால் கடலோரத்தில் வல்லக்கரை என்றொரு நாடு. அதைக் கடம்பராயன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. மாறாத பிரியம் அவனுக்கு ஒன்றன்மேல்தான்: பட்டத்து யானை மலைக்கொழுந்து.

ஒரு வருஷம் மழை விட்டதும் நெசவாளர் தெருவில் குளிர்காய்ச்சல் புகுந்தது. மந்திரி நல்லசாத்தன் நேரில் போய்ப் பார்த்தார். வீட்டுக்கு வீடு தறி நின்றுகிடந்தது. ஆட்கள் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தெருக்கோடியில் சாவுச்சங்கு ஊதிக்கொண்டிருந்தது. நேரே சபைக்கு வந்து, "ராஜா, ஊருக்கு ஊர் ஒரு வைத்தியசாலை வேண்டும். இப்போதே வேண்டும்" என்றார்.

பொக்கிஷக்காரர் அம்பலவாணர் எழுந்தார். ராஜா மந்திரியைப் பார்த்துச் சிரித்தாலே அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

"இருக்கிற பணம் துறைமுகத்துக்கு. துறைமுகம் வந்தால் கப்பல் வரும். கப்பல் வந்தால் செல்வம் வரும். அப்புறம் அவரவர் காய்ச்சலை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்."

"அதுவரைக்கும் காய்ச்சலைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லலாமா?"

"சொல்லிப் பாரும். நீர்தான் பேச்சில் கெட்டிக்காரர் ஆயிற்றே."

சபை சிரித்தது. இருவரும் விடாமல் வாதாட, ராஜாவுக்குப் பசி வந்துவிட்டது. பசி வந்தால் அவனுக்குக் கோபமும் கூடவே வரும். "போதும். துறைமுகம்தான். மந்திரி, இனி வைத்தியசாலை என்ற வார்த்தையை நீர் என் காதில் போட்டீரோ, அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

நல்லசாத்தன் வாயைத் திறந்தால் பதவி போகும், மூடிக்கொண்டிருந்தால் தெருவே போகும். என்னதான் செய்வார் பாவம்.

அந்தச் சமயத்தில்தான் யானைப்பாகன் கொம்பையன் படுத்தான். அவன் பெண் எடுத்தது நெசவாளர் தெருவில். மாமனார் வீட்டுக் காய்ச்சல் மருமகனைச் சும்மா விடுமா? மலைக்கொழுந்துக்கோ அவன் கையால் ஊட்டினால்தான் கவளம் உள்ளே போகும். ராஜாவே ஊட்டிப் பார்த்தான். யானை மரியாதையாக வாங்கி, ராஜாவின் தலைமேலேயே வைத்துவிட்டது. பொங்கல் கிரீடத்தில் வழிய, ராஜா அழுதேவிட்டான்.

"மந்திரி, என் யானையைக் காப்பாற்றும். எது கேட்டாலும் தருகிறேன்."

நல்லசாத்தன் மனசுக்குள் ஒரு குதி குதித்தார். முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டார்.

"ஒரே ஓர் உத்தரவு போதும் ராஜா. யானைக்கு வேண்டப்பட்டவர் யாரானாலும் அரண்மனைச் செலவில் வைத்தியம்."

"அப்படியே ஆகட்டும்."

அம்பலவாணர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார். யானைச் செலவை ஏன் என்று ஒருவரும் கேட்கக்கூடாது என்பது அந்த நாட்டில் பாட்டன் காலத்து வழக்கம்.

கஷாயம் குடித்துப் பாகன் எழுந்தான், யானை தின்றது. மந்திரி நிறுத்தவில்லை. "பாகனுக்குச் சோறு பொங்குகிறவள் படுத்தால் பாகன் பட்டினி, பாகன் பட்டினி என்றால் யானையும் பட்டினி" என்று அவன் மனைவிக்கும் வைத்தியம் நடந்தது. யானைமேல் போர்த்துகிற பட்டு எந்தத் தெருவில் நெய்தது? நெசவாளர் தெரு. தெரு முழுக்கக் கஷாயம் போயிற்று.

அப்புறம் ஊருக்கே விஷயம் புரிந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள் ஆளுக்கொரு பிடி புல்லோடு யானைக் கொட்டாரத்து வாசலில் வரிசையில் நின்றார்கள்.

"நீர் யானைக்கு என்ன வேணும்?" என்று கேட்பார் வைத்தியர்.

"புல்லு போடுறவனுங்க."

"சரி, உட்காரும். நாக்கை நீட்டும்."

புல்லைத் தின்று தின்று மலைக்கொழுந்து வாசலில் நுழைய முடியாமல் போயிற்று.

அம்பலவாணருக்கு எரிந்தது. ராஜாவிடம் ஓடினார். "ராஜா, உங்கள் நாட்டில் இப்போது குடிமக்களே கிடையாது, எல்லோரும் யானைக்காரர்கள். வந்து பாருங்கள், மந்திரியின் திருட்டுத்தனம் தெரியும்." ராஜா மறுநாள் காலையில் வருவதாகச் சொன்னான். அன்று ராத்திரியே அம்பலவாணருக்குக் குளிர் கண்டது.

விடிந்ததும் வைத்தியரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். ஊரில் இருந்த வைத்தியர் அத்தனை பேரும் கொட்டாரத்தில். வேறு வழியில்லாமல் பல்லக்கில் போய் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது சரியாக ராஜாவும் வந்து சேர்ந்தான்.

"ஐயா யானைக்கு என்ன வேணும்?" என்றார் வைத்தியர்.

"நான் பொக்கிஷக்காரன்."

"அது தெரியும். யானைக்கு?"

அம்பலவாணர் கையில் புல்கூட இல்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற நல்லசாத்தன் தணிவாகச் சொன்னார்: "சாணி அள்ளத்தான் ஆள் போதவில்லை. இவ்வளவு தின்கிறதே."

அம்பலவாணர் கண்ணை மூடிக்கொண்டார். "அள்ளுகிறேன். முதலில் கஷாயத்தைக் கொடும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து ஓய்ந்தபோது, பக்கத்துத் தெருவிலிருந்து தறிச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வாசல் துணிமூட்டை அடுக்கியிருந்தது.

"இதெல்லாம் என்ன?"

"அன்றைக்கு நடுங்கிக்கொண்டிருந்த கைகள் நெய்தது ராஜா. துறைமுகம் கட்டாயம் வரட்டும், கப்பலும் வரட்டும். வந்த கப்பலில் ஏற்ற ஏதாவது வேண்டாமா?"

ராஜா ஒரு துணிமூட்டையைத் தட்டிப் பார்த்தான். பிறகு கண்ணைச் சுருக்கி, "ஓய் மந்திரி, என் யானைக் கொட்டாரத்தை வைத்தியசாலை ஆக்கிவிட்டீரே" என்றான்.

"அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. ராஜாவின் திருவாயிலிருந்தே வந்தது."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டான். ஊருக்கு ஊர் வைத்தியசாலை கட்ட உத்தரவாயிற்று. துணி விற்ற வரியில் துறைமுகமும் பின்னால் வந்தது. காய்ச்சல் விட்டதும் அம்பலவாணருக்கு ராஜாவே தன் கையால் சாணிக்கூடையை எடுத்துக் கொடுத்தான்.

அந்த நாட்டில் ரொம்ப நாள்வரைக்கும், உடம்பு முடியாதவர்கள் வீட்டில் "யானையைப் பார்த்துட்டு வர்றேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்களாம். வழியில் ஒரு பிடி புல்லும் பறித்துக்கொள்வார்களாம்.