படியில் பிறந்த பிள்ளைக்கு ஓலை

முன்னொரு காலத்திலே, ஆம்பற்கோட்டைச் சீமையைப் பரிதிமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் கோபம் வந்தால் ஒரு சட்டம், குஷி வந்தால் ஒரு சட்டம். அவர் வாயில் வருவதையெல்லாம் ஓட்டை உடைசல் இல்லாமல் எழுதிக் கொடுக்கக் குழைக்காதர் என்று ஒரு மந்திரி இருந்தார். மகா கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் கடைசியில் அவரையே அழவைத்தது.

ஒரு வருஷம் தேரோட்டத்தின்போது, மாடி வீடொன்றில் வாடகைக்குத் தங்கியிருந்த வெளியூர்க்காரன் துப்பிய வெற்றிலை எச்சில் ராஜாவின் வெண்குடைமேல் விழுந்தது.

"வீட்டுக்கு வீடு யார் யாரையோ தங்க வைக்கிறார்கள்! இனி அனுமதி ஓலை வாங்காமல் வெளியூர் ஆள் ஒருத்தரும் எந்த வீட்டிலும் தங்கக் கூடாது!" என்று ராஜா குதித்தார்.

சத்திரத்து அதிகாரி கடம்பராயருக்கு வாயெல்லாம் பல். சத்திரத்துப் புளித்த கஞ்சிக்குப் பயந்து யாத்திரைக்காரர்கள் வீடுகளைத்தான் தேடிப் போவார்கள். "ஓலையைச் சத்திரத்தில்தான் தர வேண்டும் மகாராஜா, அதுவும் காலையில் மட்டும்" என்று அவர் ஒட்டவைத்தார். குழைக்காதர் எழுதி முடித்தார்: 'எந்த வீடானாலும், வருகிறவர் யாரானாலும், ஓலைக்கு முன் வாசற்படி தாண்டினால் வீட்டுக்கு முத்திரை.' ஊசி நுழைய இடமில்லை என்று சபை மெச்சியது. மந்திரியும் மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுவருஷத் தேருக்கு முதல் நாள் பின்மதியம். நல்ல மழை. பாய் முடைந்து பிழைக்கும் சடைச்சி என்பவள், திருநாள் பத்து நாளும் தன் முன்னறையை வாடகைக்கு விடுகிறவள். அவள் வாசலில் நிறைமாதப் பெண்ணொருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். சடைச்சி அவளைப் படியிலேயே உட்காரவைத்துவிட்டு ஓலைக்கு ஓடினாள். சத்திரத்தில் ஓலை எழுதுகிறவன் கதவைப் பாதி திறந்து, "காலையில் வா" என்றான். காலில் விழுந்து பார்த்தாள், அதே பேச்சு.

அவள் திரும்பி வந்தபோது படியில் ஒரு பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. பெற்றவள் உயிரோடு இல்லை. சடைச்சி பிள்ளையை முந்தானையில் சுற்றி உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

காலையில் கடம்பராயர் அவளைப் பிள்ளையும் கையுமாகச் சபையில் நிறுத்தினார். மந்திரிமேல் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"வெளியூர்ப் பிள்ளையை ஓலையில்லாமல் வீட்டில் வைத்திருக்கிறாள் மகாராஜா. வீட்டுக்கு முத்திரை வைத்து, பிள்ளையைச் சத்திரத்தில் சேர்க்க வேண்டும். மந்திரியார் எழுதிய சட்டம். முடிந்தால் அவரே மாற்றிச் சொல்லட்டும், பார்ப்போம்!"

"ஏனம்மா, உனக்குச் சட்டம் தெரியாதா?" என்றார் ராஜா.

"தெரிஞ்சுதான் ராசா அவளை வெளியில உக்கார வச்சேன். இந்தப் பிள்ளையையும் வெளியில வைக்க எனக்குத் தெம்பு இல்ல."

குழைக்காதரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தீர்ப்பைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் மகாராஜா" என்று மட்டும் சொன்னார். ராஜாவுக்குத் தேர் பார்க்கும் அவசரம். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

தேர் நிலைக்கு வந்ததும், ராஜாவும் திருநாளுக்கு வந்திருந்த அவருடைய மைத்துனரும் மழைக்கு ஒதுங்க அரண்மனைக்கு ஓடி வந்தார்கள். பார்த்தால், பெரிய கதவில் அரக்கு முத்திரை! பக்கத்தில் மந்திரி கைகட்டி நின்றார்.

"என்னய்யா இது கூத்து?"

"வெளியூர்க்காரர் ஒருவர் ஐந்து நாளாக ஓலையில்லாமல் இந்த வீட்டில் தங்கியிருக்கிறார் மகாராஜா."

"என் மைத்துனரையா சொல்கிறீர்? இது அரண்மனை ஐயா!"

"'எந்த வீடானாலும், வருகிறவர் யாரானாலும்.' தாங்கள் ஒப்பிய சட்டம்தான்."

காவலாட்கள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். "ஓடும் கடம்பராயரே, ஓலை கொண்டு வாரும்!" என்று ராஜா கத்தினார். கடம்பராயர் சேற்றில் வழுக்கி வழுக்கி ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தார். "எழுதுகிறவன் பூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போய்விட்டான் மகாராஜா. இனிமேல் காலையில்தான்..."

ராஜாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. "எவ்வளவு நேரம்தான் இப்படி நனைவது?"

"சடைச்சி ஓலைக்குப் போய்த் திரும்பிய நேரம்தான் ஆகியிருக்கிறது மகாராஜா" என்றார் குழைக்காதர். "தங்களுக்கு வலியும் இல்லை."

ராஜாவின் முகத்தில் வழிந்தது மழை மட்டுமில்லை.

அங்கேயே சட்டம் மாறியது: முதலில் கதவைத் திற, ஓலை மறுநாள். சடைச்சி வீடு தப்பியது. உரியவர் வரும்வரை பிள்ளை அவளுக்கு. கடம்பராயர் ஊர் எல்லையில் நின்று, வருகிறவர் மூட்டையைச் சுமந்து அவர்கள் கேட்கும் வீட்டில் விட வேண்டும். மந்திரிக்கு முத்துமாலை கிடைத்தது. கழுத்தில் போட அவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் தவசி என்று ஒரு குடியானவன் எல்லைக்கு வந்தான். மூட்டையில் சுக்கும் பனைவெல்லமும், பிள்ளை பெற்றவளுக்கான மருந்து.

"என் பெண்டாட்டியை முதல்ல பரிசல்ல ஏத்திவிட்டேங்க. ஆறு பெருகிடுச்சு, நான் அக்கரையில மாட்டிக்கிட்டேன். நெறமாசக்காரி. அவ தங்கியிருக்கிற வீட்டுக்குக் கூட்டிப் போங்க."

கடம்பராயர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவனை மந்திரியிடம் அழைத்துப் போனார். மூவரும் சடைச்சி வாசலுக்கு வந்தார்கள்.

"இங்கதான் தங்கியிருக்காளா?" என்று தவசி ஆவலாக எட்டிப் பார்த்தான்.

மந்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சடைச்சியைக் கூப்பிட்டார்.

சடைச்சி பிள்ளையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். "தங்கல அய்யா. நான் உள்ள விடல. இந்தப் படியிலேயே இதைப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டா" என்று கதறினாள்.

"அவள்மேல் குற்றமில்லையப்பா. விடக் கூடாது என்று எழுதினது நான்" என்றார் குழைக்காதர்.

தவசி இருவர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "உள்ள வாய்யா, உள்ள வாய்யா" என்று சடைச்சி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.