உள்ளிருந்து பூசிய கல்லறை

பழைய எகிப்து தேசத்திலே, நைல் ஆற்றங்கரையிலே, குடியிருக்க மண்குடிசையும் செத்தபின் படுக்கக் கல்மாளிகையும் கட்டிக்கொண்ட ஜனங்கள் இருந்தார்கள். அவர்கள் மகா புத்திசாலிகள். நமக்கு அவர்கள் வேண்டாம். அந்தக் கல்லறைகளுக்குச் சாந்து பூசிய கென்னா, ஹூயி, பசேது என்ற மூன்று பேர் போதும்.

ஒருநாள் செனூபு என்ற பண்ணையார் செத்துப்போனார். அவரைப் பதப்படுத்தி, துணி சுற்றி, கல்லறையில் கிடத்தினார்கள். மறு உலகத்தில் பசித்தால் தின்ன ரொட்டியும் குடிக்கப் பீரும் வைத்தார்கள். பிறகு மேஸ்திரி மூவரையும் கூப்பிட்டார்.

"வாசலை அடைச்சுப் பூசிடுங்கடா. உள்ளே பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. வந்துச்சோ, தோலை உரிச்சிடுவேன்!"

அவர் போனதும் ஹூயி யோசித்தான். "வெளிச்சம் வருதான்னு வெளியே நின்னா எப்படித் தெரியும்?"

"உள்ளேதான் நிக்கணும்," என்றான் பசேது.

"ஒருத்தன் கண்ணை நம்பலாமா?" என்றான் கென்னா.

நியாயம்தானே? மூவரும் சாந்துச் சட்டியோடு உள்ளே போய், கல் அடுக்கி, உள்ளிருந்தே பூசினார்கள். கும்மிருட்டு. "மேஸ்திரி அசந்துபோவாரு!" என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள். ஹூயி தட்டியது பண்ணையாரை.

"சரி, வீட்டுக்குப் போகலாம். இடிங்கடா," என்றான் கென்னா.

"இடிச்சா வெளிச்சம் வந்துடுமே! தோல் போயிடும்," என்றான் ஹூயி.

பசேது ரொம்ப நேரம் யோசித்தான். "கல்லறைக்குள்ள இருக்கோம். வெளியே போக முடியாது. அப்போ நாம செத்துட்டோம்."

கென்னா ஓவென்று அழுதான். கல்யாணமாகி ஓர் அறுவடைகூட ஆகவில்லை. "ஐயோ, என் மெரித்தை இனி எந்த ஜென்மத்துல பாப்பேன்!"

"இருடா, எனக்குப் பசிக்குது. செத்தவனுக்குப் பசிக்குமா?" என்றான் ஹூயி.

"பசிக்காமலா பண்ணையாருக்கு இத்தனை ரொட்டி?" என்றான் பசேது.

சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ரொட்டியில் கை வைக்கப் பயம். தேவர்கள் வந்து செத்தவன் இதயத்தைத் தராசில் வைத்து, ஓர் இறகுக்கு எதிரே நிறுப்பார்களாம். திருடியவன் இதயம் கனக்கும். கனத்தால் முதலை மூஞ்சிப் பிராணி ஒன்று அதை விழுங்கிவிடும். அப்புறம் மறு உலகமும் கிடையாது, மெரித்தும் கிடையாது.

"கேட்டுட்டுத் தின்னாத் திருட்டில்லை," என்றான் பசேது. பண்ணையாரைக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று ரொட்டியைத் தின்று, பீரையும் தீர்த்துவிட்டுப் படுத்தார்கள்.

டொக், டொக்! சுவர் பெயர்ந்தது. தீப்பந்தத்தோடு நாலு பேர் நுழைந்தார்கள். கல்லறைத் திருடர்கள்.

"தேவர்கள் வந்தாச்சு, எழுந்திருங்கடா!" என்றான் பசேது. உடம்பெல்லாம் வெள்ளைச் சாந்தோடு மூவரும் எழுந்து, கைகூப்பி, "சாமி, நாங்க திருடினதே இல்லை!" என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

திருடர்கள் கடப்பாறை, பந்தம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, விழுந்தடித்து ஓடினார்கள்.

"நிறுக்காமலே விட்டுட்டாங்களே!" கென்னாவுக்கு ஆனந்தக் கண்ணீர்.

ஓட்டை வழியே வெளியே வந்தார்கள். விடிந்திருந்தது. அதே ஆறு, அதே பேரீச்ச மரம், அதே பார்லி வயல்.

"மறு உலகம் நம்ம ஊர் மாதிரியே இருக்கும்னு பூசாரி சொன்னாரு. மனுஷன் பொய் சொல்லலைடா," என்று ஹூயி உருகினான்.

அப்போது வயல் வரப்பில் ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். மெரித்! "எங்கே போய்த் தொலைஞ்சீங்க? ஊரெல்லாம் தேடறோமே!"

கென்னா அவளைக் கட்டிக்கொண்டு கதறினான்.

"அடிப் பாவி, நீயும் செத்துட்டியா! வரும்போது அடுப்பையாவது அணைச்சிட்டு வந்தியா?"