கைக்கு அடங்கிய நெடுந்துப்பாக்கி

வெடிமருந்தின் வாசனை புதிதாக நாட்டுக்குள் நுழைந்திருந்த அந்நாளில், கருங்குன்றூரைச் செண்பகமாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் அவன் மனம் நொடிக்கு நொடி மாறும். காலையில் தன்னிடம் யானையைப் பரிசாகப் பெற்றவனையே மாலையில் சிறையில் அடைப்பான். நிலையில்லாத மனத்திடம் அதிகாரம் சேர்ந்தால் அருகில் இருப்பவர் உறங்க முடியாது. இதை ஆள்வோர் அனைவரும் நினைவில் வைக்கவேண்டும்.

ஒருநாள் முற்பகலில் செம்பாயி என்னும் கொல்லர் வீட்டுப் பெண் சபைக்குள் வந்து, துணியில் சுற்றிய ஒரு பொருளை அரசன் முன் வைத்துப் பிரித்தாள். கூண்டிலிருந்த கிளிகள் சட்டென்று அடங்கின.

அது விசித்திரமான துப்பாக்கி. போர்வீரர் தோளில் சாத்திச் சுடும் நெடுந்துப்பாக்கியின் தடித்த குழல். ஆனால் தோளில் சாத்தக் கட்டை இல்லை, ஒரு கையால் பற்றும் பிடி மட்டுமே இருந்தது. வழுக்கும் பளிங்குத் தரையில் அது தானாகவே மெல்லத் திரும்பியது. திரும்பி நின்றபோது அதன் வாய் அரசனை நோக்கியிருந்தது.

"யாரம்மா இதைத் தரச் சொன்னது?" என்றான் அரசன். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"என் வீட்டுக்காரர் செய்தது, மகாராசா. வேலை முடிந்த அன்று யாரோ பானகம் கொடுத்தனுப்பினார்கள். குடித்தார். பொழுது சாய்வதற்குள் உதடு நீலமாகிவிட்டது. 'இது அரண்மனைக்கு உரியது, கொண்டுபோய்ச் சேர்த்துவிடு' என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. வழியெல்லாம் என் பின்னால் யாரோ நடந்துவருவதுபோல இருந்தது, சாமி. திரும்பினால் ஆளில்லை."

படைக்கல அதிகாரி உடையாண்டான் எழுந்தான். அமைச்சர் திருமலைக்கொழுந்தின் புகழைக் கண்டு பல்லாண்டு வெந்தவன் அவன்.

"அரசே! தன் கையைவிட நீண்ட ஆயுதத்தைச் சபைக்குள் கொண்டுவருபவரின் வலக்கையை வெட்டவேண்டும் என்பது உங்கள் பாட்டனார் இட்ட சட்டம். இவள் கையை அளந்து பாருங்கள்."

அளந்தார்கள். தோள் முதல் விரல்நுனி வரை அளந்ததில், துப்பாக்கி நான்கு விரற்கடை நீண்டிருந்தது. செம்பாயி தன் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எனக்கோ இதை வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது," என்று சிரித்தான் அரசன். "அமைச்சரே! இது சட்டத்துக்கு உகந்ததா? பயன் உடையதா? என்ன விலை பெறும்? நாழிகை வட்டில் மூழ்குவதற்குள் மூன்றுக்கும் விடை சொல்லும். இல்லையேல் இவள் கை போகும்."

அடியில் துளையிட்ட வட்டில் நீரில் மிதந்தது. துளை வழியே நீர் மெல்ல உள்ளே ஏறத் தொடங்கியது.

அமைச்சர் அவசரப்படவில்லை. செம்பாயி துணியைப் பிரித்தபோது எல்லோரும் துப்பாக்கியைப் பார்த்தார்கள். உடையாண்டான் ஒருவன் மட்டும் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டான். அதை அவர் கவனித்திருந்தார். குழலுக்குள் கோலை விட்டு, மருந்து இல்லையென்று உறுதிசெய்தபின் அரசனிடம் நீட்டினார்.

"முதலில் பயனைப் பார்ப்போம். மருந்தைப் பற்றவைக்கும் இந்த விசைக் குதிரையைப் பின்னுக்கு இழுங்கள், அரசே."

அரசன் இழுத்தான். அசையவில்லை. தளபதி இழுத்தார். இரண்டு மல்லர்களும் இழுத்துப் பார்த்தார்கள். இரும்பு இறுகிக் கிடந்தது. தொட்டவர் ஒவ்வொருவரும் விரல்கள் குளிர்ந்துபோனதாகச் சொல்லிக் கையைத் தேய்த்துக்கொண்டார்கள்.

"விடை எளிது," என்றார் அமைச்சர். "இது சுடாது. சுடாதது துப்பாக்கியே அல்ல. பழைய இரும்பைச் சுமந்துவந்தவளுக்கு எந்தச் சட்டத்தில் தண்டனை? படைக்கல அதிகாரி இரும்புத் துண்டைத் துப்பாக்கி என்று மயங்கிவிட்டார், பாவம். அடுத்து உலக்கையைப் பீரங்கி என்பாரோ?"

சபை சிரித்தது. உடையாண்டானின் முகம் கறுத்தது.

"சுடாதென்று யார் சொன்னது? கொடுங்கள் இப்படி!"

துப்பாக்கியைப் பறித்தான். கண்ணால்கூடப் பாராமல், பிடியின் அடியிலிருந்த பூவேலையில் கட்டைவிரலை அழுத்தினான். உள்ளே ஏதோ விலகியது. குதிரை வெண்ணெய்போலப் பின்வாங்கியது. "இப்போது சொல்லுங்கள், இது துப்பாக்கியா இல்லையா?"

சிரிப்பு நின்றது.

"துப்பாக்கிதான்," என்றார் அமைச்சர் மெதுவாக. "செய்தவனின் மனைவிக்கும் தெரியாத பூட்டு உமக்கு எப்படித் தெரிந்தது?"

"நான்... படைக்கலங்களில் பழகியவன்."

"அப்படியே கையை நீட்டும். அளவுகோல்காரரே, வாரும்."

தோள் முதல் விரல்நுனி வரை. துப்பாக்கி ஒரு நெல்லளவு கூடவில்லை. ஒரு நெல்லளவு குறையவுமில்லை.

"நம் கொல்லர்கள் கேட்பவரின் கையை அளந்துதான் குழலை அறுப்பார்கள், அரசே. இந்த ஒரு கையில் மட்டும் இது சட்டத்துக்கு உகந்தது. மேலாடைக்குள் மறையும், சபைக்குள் வரும், இத்தனை தடித்த குழலின் குண்டு அரியணை வரை தவறாமல் எட்டும். அதுவே இதன் பயன். செய்தவன் வாய்திறக்கக் கூடாதென்று பானகமும் போனது. பொருளை இவள் நேரே இங்கே கொண்டுவருவாள் என்றுதான் இவர் எண்ணவில்லை."

உடையாண்டான் ஓரடி பின்வாங்கினான். துப்பாக்கியைக் கீழே போட முயன்றான், விரல்கள் விரியவில்லை. காவலர் இருவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. "அரியணை ஆசை..." என்று முனகியபடியே அவன் சிறைக்குப் போனான்.

அரசன் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "விலையைச் சொல்லவில்லையே, அமைச்சரே," என்றான்.

"விலையை இந்த அம்மாள் முன்னமே கொடுத்துவிட்டார், அரசே."

செண்பகமாறன் அரியணையிலிருந்து இறங்கினான். அமைச்சருக்குத் தன் முத்திரை மோதிரத்தை அணிவித்துவிட்டுச் செம்பாயியின் முன் நின்றான். "உன் கையைக் கேட்ட வாய் இது, தாயே. என்ன வேண்டும், சொல்."

"இதை உருக்கிவிடுங்கள், சாமி. ஆனால் அதற்கு முன்னால், வேலை நேர்த்தியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் அதைக் கேட்காமலே போய்விட்டார்."

அரசன் சபையறியச் சொன்னான்.

ஆயுதத்தின் நீளத்தை அளக்கச் சட்டம் போதும். ஏந்துபவனின் நெஞ்சை அளக்க விழிப்பு வேண்டும். ஆள்பவரே, இரண்டையும் கைவிடாதீர். அன்று உலையில் இட்ட அந்த இரும்பு நெடுநேரம் சிவக்கவே இல்லை என்கிறார்கள். செம்பாயி வந்து துருத்தியைத் தன் வலக்கையால் ஒருமுறை அழுத்திய பிறகே, யாரோ நீண்ட மூச்சு விட்டதுபோன்ற ஓசையோடு அது உருகியதாம்.