அரசருக்காகக் கஞ்சி குடித்தவர்

குன்றவூரை ஆண்ட அபரஞ்சிதேவர் போரிலும் பின்வாங்கியதில்லை, பந்தியிலும் பின்வாங்கியதில்லை. முன்னதால் நாடு பெருத்தது. பின்னதால் வயிறு பெருத்தது. ஒரு வாரம் பலாச்சுளையும் நெய் அதிரசமுமாக உண்டு தீர்த்தவருக்கு, நிமிர்ந்து நிற்க முடியாத வயிற்றுவலி கண்டது. காணாமல் என்ன செய்யும்?

அரண்மனை வைத்தியர் அரங்கண்ணல் நாடி பிடித்துப் பார்த்தார். "சூரணம் தருகிறேன், மன்னா. ஆனால் பத்து நாள் உப்பில்லாக் கஞ்சிதான் பத்தியம்."

"கஞ்சியா? எனக்கா?"

சமயம் பார்த்து, அவைக்கு வந்திருந்த அயல்நாட்டு வைத்தியர் கண்டீரவர் முன்னே வந்தார். மருந்துப் பெட்டி சிறியது, வாய் பெரியது.

"மன்னா! அறுந்து கிடந்த பல்லிவால் ஒன்றில் என் தைலத்தைத் தடவினேன். விடிவதற்குள் அந்த வாலிலிருந்து முழுப் பல்லி முளைத்துவிட்டது!"

"பழைய பல்லி என்ன ஆயிற்று, ஐயா?" என்று கேட்டான் அரசவை விகடகவி விடங்கன்.

"இரண்டும் அண்ணன் தம்பியாக என் வீட்டுச் சுவரில் வாழ்கின்றன" என்றார் கண்டீரவர், கண் இமைக்காமல். "பத்தியத்துக்கும் என்னிடம் வழி உண்டு, மன்னா. எங்கள் சிற்றரசருக்குப் பதிலாக அவர் மைத்துனர் நாற்பது நாள் கஞ்சி குடித்தார். சிற்றரசர் விருந்துண்டபடியே குணமடைந்தார்!"

மன்னர் முகம் மலர்ந்தது. "நடக்கக்கூடியதுதான். நான் போர்க்களத்தில் இருந்தபோது, எனக்குப் பதிலாக என் வாளை மணையில் வைத்துத்தானே சின்ன ராணியுடன் திருமணம் முடித்தார்கள்? அது செல்லாமலா போயிற்று? அரங்கண்ணலாரே, மூன்று நாளில் இம்முறையில் வலி தீர்ந்தால் கண்டீரவரே அரண்மனை வைத்தியர். நீர் மூட்டை கட்ட வேண்டியதுதான்."

மூன்று தலைமுறையாக அவர் குடும்பம் வகித்த பதவி. அரங்கண்ணல் வெளிறிப்போய் விடங்கனைப் பார்த்தார்.

விடங்கன் எழுந்து வணங்கினான். "அருமையான முறை, மன்னா! தங்களுக்குப் பதிலாக உண்பதற்கு அனுபவசாலி வேண்டும். கண்டீரவரே உண்ணட்டும்."

தாமே சொன்ன முறையாயிற்றே! கண்டீரவர் தலையாட்டினார்.

நண்பகலில் அரசரின் மணையில் அவரை அமர்த்தினார்கள். முகத்தைச் சுளித்தபடி உப்பில்லாக் கஞ்சியைக் குடித்து முடித்தார். அருகில் அமர்ந்திருந்த மன்னர் தம் இலைக்காகக் காத்திருந்தார். இலை வரவில்லை. உண்ட இடத்தைத் துடைக்கத் துணிதான் வந்தது.

"என் சாப்பாடு எங்கே?"

"மன்னர் உண்டாயிற்றே!" என்றான் விடங்கன்.

"யாரடா உண்டது?"

"தங்களுக்குப் பதிலாக இவர் உண்டார். வாள் தங்களுக்குப் பதிலாக மணையில் இருந்ததே, ஊர் திரும்பிய பின் தாங்கள் மறுபடியும் தாலி கட்டினீர்களா, மன்னா?"

மன்னர் வாயைத் திறந்தார். இவர் உண்டது செல்லாது என்றால் அந்தத் திருமணமும் செல்லாது. வாயிலில் சின்ன ராணி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மன்னர் வாயை மூடிக்கொண்டார்.

அன்று இரவும் மன்னர் உண்டாயிற்று. மறுநாளும் இரு வேளை உண்டாயிற்று. மூன்றாம் நாள் காலையில் மன்னர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"விடங்கா, அந்த உப்பில்லாக் கஞ்சியையாவது கொடு! இனி நானே பத்தியம் இருக்கிறேன்!"

"வயிற்றுவலி என்ன ஆயிற்று, மன்னா?"

"வலிப்பதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே!"

கண்டீரவர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா? மூன்று நாளில் வலி தீர்ந்தது! பதவி எனக்கு!"

அரங்கண்ணல் தலை குனிந்தார்.

"மறுக்க முடியுமா? பதவி உம்முடையதே" என்றான் விடங்கன். "உம்முடைய முறைப்படியே, உமக்குப் பதிலாக அரங்கண்ணலார் அதை வகிப்பார். அவருக்குப் பதிலாக நீர் மூட்டை கட்டும்."

கைக்கு வந்த கஞ்சிக் கிண்ணம் தளும்பும்படி மன்னர் சிரித்தார். "விடங்கா! என் பத்தியம் முடியும் நாளில் உனக்கு அறுசுவை விருந்து!"

"அதற்கு மட்டும் நான் ஆள் அனுப்ப மாட்டேன், மன்னா. நானே வந்துவிடுகிறேன்."