மூடிய பொந்தும் ரோஷக்கார இருவாச்சியும்

மலைக்காட்டில் ஒரு மரப்பொந்துக்குள் பொன்னலகி என்ற பெண் இருவாச்சிப் பறவை அடைகாத்தது. இருவாச்சிகளின் வழக்கப்படி பொந்தின் வாயை உள்ளிருந்தே மண்ணால் பூசி அடைத்துவிட்டது. அலகு நுழைய ஒரு சந்து மட்டும் விட்டிருந்தது. உள்ளே அதன் பறக்கும் இறகுகள் உதிர்ந்துபோயின. இனி குஞ்சுகள் வளரும்வரை கணவன் பெருமூக்கன் கொண்டுவருவதுதான் சாப்பாடு.

குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் பொன்னலகி கேட்டது: "இன்றைக்கும் அத்திப்பழம்தானா? குஞ்சுகளுக்கு ஒரு பல்லி, பூச்சி கிடைக்காதா?"

"உட்கார்ந்த இடத்தில் தின்கிறவளுக்கு ருசி வேறு கேட்கிறதோ?"

"திரும்பி உட்காரக்கூட இங்கே இடமில்லை. ஒருநாள் உள்ளே இருந்து பாருங்கள், தெரியும்."

பெருமூக்கனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீயாக வந்து கூப்பிடும்வரை இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று பறந்துவிட்டது.

பள்ளத்தாக்கைத் தாண்டி ஒரு பெரிய அத்திமரம். முதல் நாள் அதில் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றது. இரண்டாம் நாள் அடிக்கடி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் நாள் காலை, பக்கத்துக் கிளையிலிருந்த மலை அணில் கேட்டது.

"யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் அண்ணே?"

"என் மனைவிக்காக. அவள் வந்து மன்னிப்புக் கேட்டால்தான் வீட்டுக்குப் போவேன்."

"அண்ணி இப்போது எங்கே?"

"பொந்துக்குள்."

"பொந்து திறந்திருக்கிறதா?"

"அதெப்படித் திறந்திருக்கும்? அதை அடைக்க மண் சுமந்தவனே நான்தான்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பெருமூக்கன் அப்படியே வாயடைத்துப் போயிற்று.

அணில் வேறு கிளைக்குத் தாவிவிட்டது.

'இத்தனை பெரிய மூக்கு! அதற்குப் பின்னால் கொஞ்சம் மூளையும் இருந்திருக்கலாம்' என்று பெருமூக்கன் தன்னையே திட்டிக்கொண்டது. ஒரு பல்லியைப் பிடித்துக்கொண்டு பறந்தது. கழுகு துரத்தியதாகச் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தது. 'கழுகு துரத்தியவன் இவ்வளவு கொழுத்தா திரும்புவான்?' என்று அதற்கே சிரிப்பு வந்தது.

பொந்தை நெருங்கியதும் சிரிப்பு நின்றது. மண்சுவர் பாதி உடைந்திருந்தது. பொன்னலகியின் அலகு நுனியில் ரத்தம்.

"இறகில்லாமல் எங்கே கிளம்பினாய்?"

"கீழே விழுந்தாவது ஏதாவது பொறுக்கலாம் என்றுதான். நேற்றிலிருந்து குஞ்சுகள் கத்தக்கூட இல்லை." பொன்னலகி அதை மேலும் கீழும் பார்த்தது. "உங்களைக் கழுகு கொண்டுபோய்விட்டது என்றே நினைத்தேன். அழுதுகூட முடித்துவிட்டேன்."

வேண்டிய பொய்யை மனைவியே எடுத்துக் கொடுத்தது. பெருமூக்கன் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"கழுகு எதுவும் வரவில்லை. நீ வந்து மன்னிப்புக் கேட்பாய் என்று அத்திமரத்தில் உட்கார்ந்திருந்தேன்."

பொன்னலகி பல்லியை வாங்கிக் கிழித்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தது. ஒன்று உடனே வாய் திறந்தது. மற்றது கொஞ்சம் பொறுத்துத் திறந்தது.

"மண் கொண்டு வாருங்கள்" என்றது பிறகு. "இந்தத் தடவை இடைவெளியைப் பெரிதாக விடப்போகிறேன். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

பெருமூக்கன் மண் சுமக்கப் போயிற்று.

நம்மை விட்டால் வேறு கதியில்லாதவரிடம் கோபித்துக்கொண்டு போனால், கோபம் தீரும்வரை காத்திராமல் உடனே திரும்பிவிட வேண்டும்.