நாற்பது நொடிப் பதில்

“நீங்க பேசறதெல்லாம் வீணாப் போகுதுங்கம்மா” என்றார் நாயகம்.

அரசியம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. முன்பு அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். இப்போது கொள்ளிடக் கரையில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் வருவார்கள். ஒவ்வொருவராக உட்கார்ந்து தங்கள் பாடுகளைச் சொல்வார்கள். அம்மா கேட்பார். கடைசியில் ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ சொல்வார். சில நாள் அதுவும் இருக்காது.

நாயகத்துக்கு ஐம்பத்தாறு. கோயம்புத்தூரில் விளம்பரக் கம்பெனி நடத்தியவர். ஊறுகாயிலிருந்து உரம் வரைக்கும் விற்றுக் கொடுத்த மனிதர். மனைவி இறந்துபோன பிறகு ஒருநாள் இங்கே வந்து உட்கார்ந்து நான்கு மணி நேரம் அழுதார். எல்லாம் முடிந்த பிறகு அம்மா கேட்டது ஒன்றுதான்.

“சாப்பிட்டீங்களாண்ணா?”

அவர் ஊர் திரும்பவில்லை. வயதில் இளையவரை அவர் அம்மா என்றார். அம்மா அவரை அண்ணா என்றார். இருவருக்கும் அது உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை, வந்தவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, நாயகம் பதிவுசெய்வார். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டு முழுதாகப் பாட்காஸ்ட்டில் போடுவார். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அதிலும் பாதிப் பேர் பத்தாவது நிமிஷத்தில் கழன்றுகொள்வதை போன் காட்டியது. அந்த வருத்தத்தில்தான் அன்று வாயைத் திறந்தார்.

“வாழையில இலை, பூ, தண்டு, நாரு, எதுவும் வீணில்லைங்க. உங்க பேச்சும் அப்படித்தான். ஒரு மணி நேரத்த வெட்டினா பத்துச் சாமான் பண்ணலாம். இங்க வந்து தங்குற நம்ம பத்து நாள் முகாமுக்கும் ஆள் வரும்.”

“யாருக்குப் பண்ணப் போறீங்க?”

“எல்லாருக்கும்.”

“எல்லாருங்கிற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லைண்ணா.”

நாயகம் சிரித்தார். இதையும் ஒரு கார்டாகப் போடலாம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அம்மா கீரைக் காம்புகளை ஒதுக்கினார்.

“வெட்டுங்க. கட்டையை மட்டும் தோண்டிப் போட்டுடாதீங்க.”

மரத்தை வெட்டினாலும் கட்டை மண்ணில் கிடந்தால்தான் வாழை மறுபடி தழைக்கும். அந்தப் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முழுப் பதிவுகளை அழித்துவிடாதே என்கிறார் என்று நாயகம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் அதில் பத்திரப்படுத்தினார்.

பிறகு வெட்ட ஆரம்பித்தார்.

நாற்பது நொடிக்கு ஒரு ரீல். மல்லிகைப் படத்தோடு ஒரு கார்டு. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி. மாதம் ஒரு கடிதம். சின்னதாக ஒரு புத்தகம். வருஷக் கடைசியில் காலண்டர். எல்லாவற்றின் அடியிலும் பத்து நாள் முகாமுக்கான போன் நம்பர்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்று. கேள்வி கேட்கிறவர்கள். அவர்கள் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், பெரியப்பா மகன் கல்யாணத்தில் தொடங்கி முழங்கால் வலி வழியாக எங்கேயோ போய்ச் சேருவார்கள். நாயகம் அவர்களை வெட்டினார். பதில் மட்டும் நின்றது. பார்க்கவும் கேட்கவும் துப்புரவாக இருந்தது.

“சாப்பிட்டீங்களாண்ணா?” என்பதைத்தான் எந்தக் கார்டிலும் போட முடியவில்லை. அது எடுபடாது என்று அவருக்கே தெரியும்.

ஒரு வரி மட்டும் ரொம்ப தூரம் போயிற்று.

“நீங்க பிடிச்சிருக்கிறதாலதான் அது நிக்குதுன்னு நெனைக்காதீங்க. கையை எடுத்துடுங்க.”

முன்னாலும் பின்னாலும் புல்லாங்குழல் சேர்த்து நாற்பது நொடி. எட்டு லட்சம் பேர் கேட்டார்கள். உண்மையில் நடுவில் அம்மா “சார்” என்று ஒரு சொல் சொல்லியிருந்தார். அதைச் சீவியெடுக்க நாயகத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. எடுத்த தடமே தெரியவில்லை. அன்று தன் கைவேலையை நினைத்து அவருக்குப் பெருமையாகவே இருந்தது.

எட்டு லட்சம் என்று அம்மாவிடம் போய்ச் சொன்னார்.

“அவர் அப்புறம் வந்தாரா?” என்று கேட்டார் அம்மா.

“யாருங்கம்மா?”

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எண்ணிக்கையெல்லாம் அம்மாவுக்குப் புரிவதில்லை என்று நாயகம் நினைத்துக்கொண்டார்.

முகாமுக்கு அறுபது பேர் வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவின் வாயையே பார்த்தார்கள். பத்து நாளும் அம்மா அவர்களுக்குச் சமைத்துப் போட்டார். பேசவில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். ஆனால் நாயகம் நல்ல மனசோடுதான் ஊதினார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் பெரிய துணிப்பை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓர் ஆண் வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நடை மட்டும் சின்னக் குழந்தையின் நடை.

அவள் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை. கூட வந்தவன் தம்பி சுடலைமுத்து. ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததிலிருந்து பேச்சு கிடையாது, புத்தியும் அந்த வயசிலேயே நின்றுவிட்டது. தாய் செத்த பிறகு, இருபத்திரண்டு வருஷமாக, குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டி விடுவதெல்லாம் அவள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒரு குறையாகவும் அவள் சொல்லவில்லை.

பைக்குள்ளிருந்து ஒரு கார்டை எடுத்தாள். மல்லிகைப் படம், அதன் மேல் ‘கையை எடுத்துடுங்க’ என்ற அந்த வரி. தண்ணீர் படாமலிருக்க லேமினேஷன் போட்டு வைத்திருந்தாள்.

“இதக் கேட்டபொறவுதாம்மா எனக்கு ஒரு முடிவு கெடைச்சுது” என்றாள்.

அரியலூர்ப் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. அன்று மூன்று மணிக்குத் தம்பியை அங்கே விடுவதாகப் பேசியாயிற்று. பையில் இருப்பது அவன் துணிமணி. விட்டுவிட்டு வந்த பிறகு போய்ப் பார்க்கவே கூடாது என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டிருந்தாள். பார்த்தால் கை மறுபடியும் பிடித்துக்கொள்ளும். கையை எடு என்றுதானே அம்மா சொல்லியிருக்கிறார்? போகிற வழியில் அவர் காலில் விழுந்துவிட்டுப் போக வந்திருந்தாள்.



அம்மா கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“இது யாருக்குச் சொன்னதுண்ணா?”

நாயகத்துக்கு நினைவில்லை.

“கட்டை இருக்கா?”

“இருக்குதுங்கம்மா.”

லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தார். தேடி எடுத்தார். முழுப் பதிவை ஓடவிட்டார்.

முதலில் இருமல். பிறகு ஒரு வயதான ஆணின் குரல். ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. இன்னும் தினமும் காலை எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போய்விடுகிறார். மணியைத் தானே அடிக்கிறார். பிரார்த்தனை வரிசையைச் சரி செய்கிறார். புதிதாக வந்த ஹெட்மிஸ்ட்ரஸ் ஒன்றும் சொல்வதில்லை. முந்தாநாள் மட்டும் அவருக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நான் போகாவிட்டால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று கேட்டார். நடுவில் அவர் மூக்குக் கண்ணாடி உறை கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

பன்னிரண்டு நிமிஷம்.

அதற்குப் பிறகு அம்மாவின் குரல்.

“நீங்க பிடிச்சிருக்கிறதாலதான் அது நிக்குதுன்னு நெனைக்காதீங்க சார். கையை எடுத்துடுங்க.”

நாயகம் நிறுத்தினார்.

செண்பகவல்லி லேப்டாப்பைச் சுட்டிக் கேட்டாள்.

“அந்த வாத்தியாருக்கா சொன்னீங்க?”

“ஆமா.”

“அப்ப எனக்கு?”

“நீங்க இன்னும் ஒண்ணும் கேக்கலையேக்கா” என்றார் அம்மா.

அவள் பேசவில்லை. பழக்க தோஷம், நாயகம் மனசுக்குள் எண்ணினார். நாற்பது நொடி ஆயிற்று. அது கடந்து நிமிஷங்கள் போயின. வேறொரு நாளாக இருந்தால் அவ்வளவையும் ஒரே வெட்டாக வெட்டியிருப்பார். வெளியே யாரோ வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுடலைமுத்து முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

“போன மாசம் அடுப்படியில மயங்கி விழுந்துட்டேன்” என்று ஆரம்பித்தாள் செண்பகவல்லி. “இவனுக்குச் சோறு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன். எம்புட்டு நேரம் கெடந்தேன்னு தெரியல. கண்ணு முழிச்சுப் பாத்தா, இவன் எம்பக்கத்துல உக்காந்து வாயத் தொறந்துக்கிட்டு இருக்கான். ஊட்டுவேன்னு. சோறெல்லாம் காஞ்சு போச்சு. அப்பவும் தொறந்த வாயி தொறந்தபடி.”

முந்தானை தம்பி கையில் இருந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்குப் பொறவு இந்த வாய்க்கு யாரும்மா?”

அம்மா அவளைப் பார்த்தார். பிறகு நாயகத்தின் பக்கம் திரும்பினார்.

“சொல்லுங்கண்ணா. எட்டு லட்சம் பேருக்குப் பதில் சொன்னது நீங்கதான்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நாயகம் தாங்கியிருப்பார்.

அவர் வாயைத் திறந்தார். முந்நூற்றுச் சொச்சம் கார்டுகளும் அவருக்கு மனப்பாடம். ஒன்றும் வெளியே வரவில்லை.

சுடலைமுத்து அவர் திறந்த வாயைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தானும் வாயைத் திறந்தான்.

நாயகம் அவன் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

“தம்பி என்ன சாப்பிடுவாருங்க?” என்று கேட்டார்.

செண்பகவல்லி தோளில் இருந்த பையை இறக்கித் தரையில் வைத்தாள்.

“கொழஞ்ச சோறு. ரசம் ஊத்திப் பெசஞ்சு கையாலதான் ஊட்டணும். கரண்டின்னா துப்பிருவான்.”

நாயகம் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.