விசிறிக் கிழங்கும் தொட்டில் கட்டையும்

பூவலிங்கம் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. குரு நித்திலவல்லிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நீலமலைச் சரிவில் இருந்த அந்தத் தியான இல்லத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூவலிங்கம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர். அவர் சமைத்த பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலையை மூட மனமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. அவருடைய நாக்குக்கும் அதே அளவு பேர் இருந்தது. பண்டத்தில் குறை கண்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். கேட்டவர் கோபித்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போனவர்களில் கடைசி ஆள் அவருடைய சொந்தத் தம்பி இசக்கிமுத்து. அதற்குப் பிறகுதான் பூவலிங்கம் மலையேறினார்.

ஒரு மாலை வேளையில் குரு சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். கிழங்கை முழுவதுமாக வெட்டாமல், அடிப்பகுதி ஒட்டியிருக்கும்படி மேலிருந்து மெல்லிய கீற்றுகளாகக் கீறி, வெண்ணெயும் பூண்டும் தடவி ஓவனில் வைப்பது அந்த இல்லத்தின் வழக்கம். வெந்ததும் கீற்றுகள் பிரிந்து விசிறிபோல் நிற்கும். விசிறிக் கிழங்கு என்பது அங்கே அதன் பெயர்.

அதற்கென்றே ஒரு மரக்கட்டை வைத்திருந்தார்கள். நடுவில் கிழங்கு படுத்துக்கொள்ளத் தொட்டில்போல் ஒரு குழிவு. குழிவுக்குள் எடுத்து மாட்டும்படி வளைந்த தகர ஓடு ஒன்று. இரு பக்கமும் அந்தத் தகர ஓட்டுக்கும் மேலே உயர்ந்த மர விளிம்பு. கிழங்கைக் குழிவில் கிடத்திக் கத்தியை இறக்கினால், அடி அறுபடுவதற்குச் சற்று முன்பே கத்தி விளிம்பில் இடித்து நின்றுவிடும். பிறகு தகர ஓட்டை மட்டும் கிழங்கோடு தூக்கி ஓவனுக்குள் வைக்கலாம். கீற்றுகள் சாயாமல் நின்று வேகும்.

பூவலிங்கம் கதவருகில் வந்து நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"தம்பி நாளைக்கு வாரான். அடிவாரத்துல சொதி மெஸ் வைக்கப்போறானாம். ஒரு தூக்குச்சட்டி சொதி கொண்டாரேன், சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுன்னு போன்ல சொன்னான்."

"நல்ல சேதிதானே."

"முழுசையும் கேளுங்க. 'அன்னைக்குப் பந்தியில சொன்ன மாதிரி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அதோட நமக்குள்ள ஒண்ணும் கிடையாது'ன்னும் சொன்னான்."

"அன்னைக்கு என்ன சொன்னீங்க?"

பூவலிங்கம் தரையைப் பார்த்தார்.

"ஒரு கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டுச் சாப்பாடு. சொதியில தேங்காய்ப்பால் திரிஞ்சுபோச்சு. 'உன் கைக்கு அடுப்பு ஊதத்தாம்லே தெரியும்'னு சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அத்தனை பேரும் நின்னாங்க."

"அவர் என்ன செஞ்சார்?"

"தோள்ல கிடந்த துண்டை எடுத்துச் சட்டி மூடி மேல போட்டான். போயிட்டான். அந்தத் துண்டு இன்னும் என் பெட்டியிலதான் கிடக்கு."

குரு நறுக்கிக்கொண்டே இருந்தார்.

"உண்மையைச் சொன்னா ஆள் போயிடுதான். சொல்லாம இருந்தா எனக்குத் தொண்டையில நிக்குது. எதுவரைக்கும் சொல்லலாம்? அதை மட்டும் சொல்லுங்க."

கத்தி இறங்கியது, ஏறியது. பூவலிங்கத்துக்குப் பொறுமை போயிற்று.

"உங்ககிட்டப் போயிக் கேட்டேன் பாருங்க. என் மூத்த மகளைவிட உங்களுக்கு வயசு கம்மி. கோவம்னா என்னன்னு இனிமேத்தான் நீங்க பாக்கணும்."

கத்தி கட்டையின் விளிம்பில் டக்கென்று மோதியது. குரு ஒரு கணம் கையை எடுக்கவில்லை. பிறகு மெதுவாகக் கத்தியைத் தூக்கினார்.

"நாளைக்கு மதியத்துக்கு விசிறிக் கிழங்கு நீங்க பண்ணுங்க, அண்ணாச்சி."

சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தார்.

மறுநாள் காலைத் தியானம் முடிந்ததும் பூவலிங்கம் சமையலறைக்கு வந்தார். கூடையில் கிழங்கு கழுவி வைத்திருந்தது. பக்கத்தில் தொட்டில் கட்டை இருந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். விளிம்புகள் இரண்டிலும் வரிவரியாகக் கத்தி பட்ட வடுக்கள்.

"பழகாத பயலுவ போட்டது" என்று சொல்லி அதை அலமாரியில் ஏற்றிவைத்தார்.

குரு அடுப்புப் பக்கம் வெண்ணெய் உருக்கிக்கொண்டிருந்தார். "கட்டை வேண்டாமா?"

"அம்மா, ஆயிரம் இலைக்கு வாழைக்காய் சீவின கை இது. வேலி போட்ட பலகையில வெட்டினா, செத்துப்போன எங்க சமையல் வாத்தியாரு சுடுகாட்டுலேர்ந்து எந்திரிச்சு வந்து காதைத் திருகுவாரு."

"வரட்டும். அவருக்கும் ஒரு கிழங்கு வைப்போம்."

பூவலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே நறுக்கத் தொடங்கினார். கை பொய் சொல்லவில்லை. கீற்றுகள் வெற்றிலைக் கனத்தில் வரிசையாக எழுந்தன. அடி அறுபடவே இல்லை. ஒன்று முடிந்தது. இன்னொன்று முடிந்தது. கூடையில் பாதி குறைந்தது.

அப்போது தம்பியின் நினைவு வந்தது. இந்நேரம் பஸ் ஏறியிருப்பான். தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருப்பான். சொதி எப்படி வந்திருக்கும்? முதற்பாலைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், ஊற்றியபின் கொதிக்கவிடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். காதில் வாங்கியிருந்தால்தானே...

கத்தி பலகையைத் தொட்டது. கிழங்கு இரண்டாகக் கிடந்தது.

பூவலிங்கம் ஓரக்கண்ணால் அடுப்புப் பக்கம் பார்த்தார். குரு திரும்பவில்லை. சட்டென்று பல்குத்தும் குச்சி ஒன்றை எடுத்து இரு துண்டுகளையும் சேர்த்துக் குத்தி, மற்ற கிழங்குகளின் நடுவில் ஒளித்துவைத்தார். கல்யாணச் சமையலில் இப்படி ஒளித்துவைக்கப்பட்டவை பல.

அதற்குப் பிறகு கைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மிச்சக் கிழங்குகளை மேலாக மட்டும் கீறினார். பார்வைக்குக் கோடு தெரிந்தது. ஆழம் இல்லை.

குரு வந்து தட்டைப் பார்த்தார். அலமாரியிலிருந்து தொட்டில் கட்டையை இறக்கினார். கூடையில் கடைசியாகக் கிடந்த கிழங்கை அதில் கிடத்திக் கடகடவென்று நறுக்கி, தகர ஓட்டோடு தூக்கி மற்றவற்றின் பக்கத்தில் வைத்தார். எல்லாவற்றுக்கும் வெண்ணெய் ஊற்றினார். எல்லாம் ஒன்றாக ஓவனுக்குள் போயின.

வாசனை எழுந்து வாசல்வரை வந்தபோது இசக்கிமுத்துவும் வாசலுக்கு வந்துவிட்டார். தம்பியானாலும் தலை அண்ணனைவிட நரைத்திருந்தது. தோள் வெறுமையாக இருந்தது. தூக்குச்சட்டியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்னண்ணே, சாமியாராயிட்டியாமே. தாடியக் காணோம்?"

"வளருமட்டும் இரு. என்னலே இப்படி மெலிஞ்சுட்டே?"

"திட்டு வாங்காம ஒடம்பு தேறல."

சொல்லிவிட்டு இசக்கிமுத்து சிரித்தார். பூவலிங்கத்துக்குச் சிரிக்க வரவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் குரு தாமே பரிமாறினார். முதலில் கிழங்குத் தட்டைக் கொண்டுவந்து பூவலிங்கத்தின் முன் வைத்தார். தட்டில் மூன்று கிழங்குகள் இருந்தன. ஒன்றில் குச்சி கருகிக் கிடந்தது. துண்டுகள் ஆளுக்கொரு பக்கம் விழுந்து, ஓரம் தீய்ந்திருந்தன. இன்னொன்று மேலே பளபளவென்று சிவந்திருந்தது. பூவலிங்கம் விரலால் அழுத்தினார், உள்ளே கல்லாக இருந்தது, வெண்ணெய் முழுவதும் தட்டில் வழிந்திருந்தது. மூன்றாவது தகர ஓட்டுக்குள் விசிறியாக விரிந்து நின்றது. ஒவ்வொரு கீற்றின் இடுக்கிலும் வெண்ணெய் இறங்கியிருந்தது. அடி அப்படியே ஒட்டியிருந்தது.

குரு போய்ச் சோற்றை எடுத்துவந்தார்.

இசக்கிமுத்து தூக்குச்சட்டியைத் திறந்தார். "ஊத்தட்டுமா அண்ணே?"

"ஊத்து."

ஊற்றும்போதே பூவலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. பால் திரிந்து, மேலே நீர் தனியாக நின்றது. ஒரு வாய் வைத்தார். மசாலா அருமையாக இருந்தது. இஞ்சியின் காரம் சரியான இடத்தில் நின்றது. பால் கெட்டுப்போயிருந்தது.

இசக்கிமுத்து சாப்பிடவில்லை. அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒரு கை சட்டியின் மூடிமேல் இருந்தது.

பழைய சொல் பூவலிங்கத்தின் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினார். 'நல்லா இருக்குலே' என்னும் சொல் அந்த இடத்துக்கு வந்தது. கண், தட்டில் சிவந்து பளபளத்த கிழங்கின்மேல் போயிற்று. அந்தச் சொல்லையும் விழுங்கினார்.

பிறகு தகர ஓட்டில் விரிந்து நின்ற கிழங்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்தார்.

"எங்கண்ணே போற?" என்றார் இசக்கிமுத்து.

"இரு. கை கழுவிட்டு வாரேன்."

கை கழுவினார், தம் அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டு இருந்தது. துவைத்து, நான்காக மடித்த துண்டு. அதை உதறித் தம்பியின் தோளில் போட்டார். போட்ட கையைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

"கடை என்னைக்குத் திறக்கே?"

"வெள்ளிக்கிழமை."

"வியாழக்கிழமையே வந்திருதேன். தேங்காய் நான் துருவுதேன். இப்ப சொல்லுதேன், கேட்டுக்கோ. முதற்பாலை ஊத்திக் கொதிக்க விட்டிருக்கே. பால் செத்துப்போச்சு. இதை ஒரு இலையிலகூட ஊத்தக் கூடாது. இப்படி ஊத்தினா உன் மெஸ்ஸுக்கு ரெண்டாந்தரம் ஒரு மனுசன் வரமாட்டான்."

குரு சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தார்.

இசக்கிமுத்து சட்டி மூடியிலிருந்து கையை எடுத்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியை இழுத்து முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்தார்.

"எனக்கே தெரியும்ணே. அடுப்பை அணைக்கப்போன நேரம் ஒரு போன் வந்துருச்சு. மறுபடி வைக்க நேரமில்ல, பஸ் போயிடும். வழியெல்லாம் ஒரே யோசனை."

"என்ன யோசனை?"

"இதைத் தின்னுட்டு நீ நல்லா இருக்குன்னு சொல்லிட்டா என்ன செய்யன்னு. அந்நியன்கிட்டத்தான் அப்படி ஒப்புக்குச் சொல்லுவாங்க. நீ சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சிருப்பேன்."

"அடப் பாவி."

"மசாலா எப்படி?"

"மசாலால என்னை ஜெயிச்சுட்டலே. வெளிய சொல்லிராத."

குரு இப்போதுதான் உட்கார்ந்தார். உடைந்து தீய்ந்த கிழங்கிலிருந்து குச்சியை உருவிப் போட்டுவிட்டு, துண்டுகளைத் தம் தட்டில் வாங்கிக்கொண்டு, அவற்றின்மேல் திரிந்த சொதியை ஊற்றிப் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"இசக்கிமுத்து அண்ணா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

"அம்மா, இது ஆகாதுன்னு அண்ணன் இப்பத்தான் தீர்ப்புச் சொன்னாரு."

"கடைக்குத்தானே ஆகாது? இங்க பசிக்குது."

கூடத்தில் இருந்த எல்லோரும் தட்டை நீட்டினார்கள். கல்லாகக் கிடந்த கிழங்குகளை மறுபடி ஆழமாகக் கீறி ஓவனுக்கு அனுப்பினார்கள். தூக்குச்சட்டி காலியானது. அண்ணனும் தம்பியும் பழைய பந்திகளைப் பற்றிப் பேசிப் பேசி, பாயசத்தில் உப்பு விழுந்த கதையில் வந்து நின்று, போட்டது யார் என்பதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

மாலையில் தம்பியைப் பஸ் ஏற்றிவிட்டுப் பூவலிங்கம் சமையலறைக்குத் திரும்பினார். குரு தொட்டில் கட்டையைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, எதுவரைக்கும்னு கேட்டேன். நீங்க கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல."

"வியாழக்கிழமை தேங்காய் துருவணுமே. சீக்கிரம் கிளம்பணும் நீங்க."

பூவலிங்கம் புன்னகைத்தார். துடைத்த கட்டையைக் கையில் வாங்கினார். இந்த முறை அதை அலமாரியில் ஏற்றவில்லை.

"இது எத்தனை பேர் பழகின கட்டைம்மா?"

"நான் ஒருத்திதான். மத்தவங்களுக்கு வேற கட்டை இருக்கு."

பூவலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு விளிம்பைப் பார்த்தார். நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்றாக, எண்ண முடியாத வடுக்கள்.

"இவ்வளவுமா?"

"இவ்வளவும்."

அவர் பெருவிரலை விளிம்பின்மேல் மெல்ல ஓட்டினார். பழைய வடுக்கள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. ஓரிடத்தில் விரல் நின்றது. அந்த வடு மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது. மரம் உள்ளே இன்னும் வெளுப்பாக இருந்தது.

"இது புதுசா இருக்கே. இது எப்போ விழுந்துச்சு?"

குரு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதுவா? நேத்து சாயங்காலம் என் வயசைப் பத்திச் சொன்னீங்களே அண்ணாச்சி, அப்போ விழுந்தது."